பல்லிளித்த வேன்

டெலிபோன் அலறியது.

ரெக்ஸ் டால்பட் உடனே எடுக்கவில்லை. இரண்டு கைகளிலும் ஆட்டுக்கறிக் குழம்பு வழிந்துகொண்டிருந்தது. ஃபிஜித் தீவில் லவுடோகா நகரின் பெரிய பழைய கார் வியாபாரி அவர். சாப்பிடும்போது வாடிக்கையாளர்களை மனிதர்களாக மதிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

சாப்பிடாதபோதும் இல்லை!

மறுபடி அலறியது. ரொட்டியை வாய்க்குள் திணித்துவிட்டு எடுத்தார்.

"கிங் ரெக்ஸ் மோட்டார்ஸ்..."

"ரெக்ஸா?"

"சொல்லும்மா."

"நீ வித்த வேன் என் அண்ணனைக் கொன்னுடுச்சு!"

ரெக்ஸ் மென்று விழுங்கினார்.

"எந்த வேன்?"

செத்தது எந்த அண்ணன் என்று கேட்கவில்லை. எந்த வேன் என்று கேட்டார். ரெக்ஸைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும்.

"வெள்ளை வேன்! வைந்தாமு கிராமத்துல இருந்து லொசேனா பேசறேன். போன மாசம்தான் உன்கிட்ட வாங்கினோம். மலை எறக்கத்துல பிரேக் பிடிக்கல. மிதிச்சா பெடல் தரையோட ஒட்டிக்கிச்சு. என் புருஷன் வில்லியாமேதான் ஓட்டிட்டு வந்தாரு. அவரு பொழைச்சுட்டாரு. பக்கத்துல உக்காந்திருந்த சேரு அண்ணன்..."

குரல் உடைந்தது.

"த்சொ... த்சொ! ரொம்ப வருத்தமான விஷயம். ஏம்மா, வண்டி வாங்கறப்போ என் தலைக்கு மேல ஒரு போர்டு மாட்டியிருந்ததே, படிச்சியா?"

"என்ன போர்டு?"

"நானே படிக்கறேன், கேளு. 'இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில். திருப்பி எடுக்கப்படாது!' புரியுதா? யார்டு கேட்டைத் தாண்டினா அது உன் வண்டி. உன் பிரேக். உன் பிணம்!"

போனை வைத்தார். கையைத் துடைத்தார். கூப்பிட்டார்.

"சக்கராயா!"

விற்பனையாள் சக்கராயா ஓடி வந்தான். ஆறடி உயரம், சாந்தமான முகம். பேசு என்று சொன்னால் ஒழியப் பேசமாட்டான். அதற்குத்தான் சம்பளம்.

"நம்ம டோ வண்டியை எடு. வைந்தாமு எறக்கத்துல ஒரு வெள்ளை வேன் நசுங்கிக் கெடக்கு. போலீஸ் இருந்தா, ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போறோம்னு சொல்லு."

"சரி பாஸ். ஸ்டேஷன்ல யார்கிட்ட விடணும்?"

"ஸ்டேஷன் போற வழியில நம்ம இரும்புக் கடை இருக்கில்ல? உனக்கு வழி தப்பிடுது. என்ன முழிக்கறே? வழி தப்பறது குத்தமா?"

சக்கராயா தயங்கினான்.

"பாஸ்... அந்த வேன் பெடல் தொளதொளன்னு இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்..."

"நம்ம யார்டு சட்டம் என்ன?"

"கஸ்டமர் கேட்டா சொல்லு. கேக்கலைன்னா வாயைத் தொறக்காதே."

"அவ கேட்டாளா?"

"இல்ல பாஸ்."

"அப்புறம்? கெளம்பு!"

*

இன்ஸ்பெக்டர் ரொனீல் சந்த் நல்ல மனிதர். அதனால்தான் அவருக்கு அல்சர்.

எதிரே லொசேனா உட்கார்ந்திருந்தாள். கறுப்பு உடை. கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அழவில்லை. கோபம் அழுகையைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வைத்திருந்தது.

உள்ளே லாக்கப்பில் அவள் கணவன் வில்லியாமே. நெற்றியில் கட்டு. கண்மூடித்தனமாக ஓட்டி மரணம் விளைவித்ததாக வழக்கு.

"வேகமா ஓட்டினார்னு உங்க ரிப்போர்ட் சொல்லுதாம். பிரேக் இல்லாத வண்டி எறக்கத்துல மெதுவாவா போகும், சார்?"

"எனக்குப் புரியுது லொசேனா. கோர்ட்டுக்குப் புரியணுமே! வண்டியைப் பிரிச்சுப் பார்த்திருந்தா உண்மை தெரிஞ்சிருக்கும். ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு வாங்கடான்னா, இரும்புக் கடைக்கு இழுத்துட்டுப் போய் நசுக்கி வெச்சிருக்கான் அந்த ரெக்ஸோட ஆளு! கேட்டா, வழி தப்பிடுச்சாம்!"

"இந்த ஊர்ல பொறந்தவனுக்கா?"

"அதையேதான் நானும் கேட்டேன். இப்போ உங்க வாய்மொழியை விட்டா எனக்கு வேற சாட்சி இல்ல. திங்கக்கிழமை கோர்ட். உன் புருஷன் ஜெயிலுக்குப் போறதா, வீட்டுக்கு வர்றதாங்கறது அதுலதான் இருக்கு. யோசிச்சுச் சொல்லு. வண்டியை விக்கும்போது ரெக்ஸ் என்ன சொன்னான்?"

"ஜப்பான்ல இருந்து கப்பல்ல நேரா வந்து எறங்கினது, ஃபிஜி ரோட்டைக் கண்ணால பார்த்ததே இல்லைன்னான்."

"எல்லா வியாபாரியும் சொல்றதுதான்..."

"நாங்களும் நம்பிட்டோம். அன்னிக்கு சந்தோஷமா பாட்டுக் கேட்டுக்கிட்டே வீட்டுக்கு..."

சட்டென்று நிறுத்தினாள்.

"என்னாச்சு?"

"சார்... பாட்டு!"

"என்ன பாட்டு?"

"ரேடியோ பாடுச்சு சார்! நம்ம ஊர் ஸ்டேஷன். நம்ம பாஷைல! பட்டனை அழுத்தினதும் முதல் ஆளா வந்துச்சு!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார்.

அவருடைய காரும் ஜப்பானிலிருந்து வந்ததுதான். அதன் ரேடியோ வாங்கிய நாளிலிருந்து ஒரே இரைச்சல். ஜப்பான் ரேடியோவுக்கு நம் ஸ்டேஷன்கள் எட்டாது. கடையில் கொடுத்துத் தனியாக ஒரு சின்னப் பெட்டி மாட்டினால்தான் வாயைத் திறக்கும். ஃபிஜியில் ஜப்பான் வண்டி வைத்திருக்கும் அத்தனை பேரும் பட்ட பாடு அது.

"நேத்து கப்பல்ல இருந்து எறங்கின வண்டிக்கு நம்ம பாஷை எப்படித் தெரியும்?" என்றாள் லொசேனா.

"தெரியாது! யாரோ இங்கே ஓட்டியிருக்காங்க. பெட்டி மாட்டியிருக்காங்க. ஸ்டேஷன் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. ரெக்ஸ் எல்லாத்தையும் கழுவினான்... ரேடியோவை மறந்துட்டான்!"

தொப்பியை எடுத்தார்.

"வா. கிங் ரெக்ஸைப் பார்த்துட்டு வரலாம்!"

*

"ரேடியோவா?"

ரெக்ஸ் சிரித்தார். சிரிப்பு உதடு வரைக்கும்தான் வந்தது.

"ஆமா, ரேடியோ. அந்த வண்டி இதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இன்ஸ்பெக்டர், கஸ்டமர் சந்தோஷப்படட்டும்னு நானே மாட்டிக் குடுத்தேன்..."

"நீ மாட்டினியா?" லொசேனா மேஜையில் இரு கைகளையும் ஊன்றினாள். "ஸ்பேர் டயர் கேட்டதுக்கே தனிக் காசு கேட்டவன் நீ! நீ ரேடியோ மாட்டிக் குடுத்தியா? பொய் சொல்றதுக்கும் ஒரு மூஞ்சி வேணும்டா!"

"ஏய்! மரியாதை!"

"அதை எங்க அண்ணன் சவப்பெட்டியோட புதைச்சாச்சு!"

"இன்ஸ்பெக்டர், இவளை வெளியே கூட்டிட்டுப் போங்க! இவ புருஷன் எப்படி ஓட்டினானோ, என்ன குடிச்சிருந்தானோ..."

அவள் கையை ஓங்கிவிட்டாள். இன்ஸ்பெக்டர் நடுவில் புகுந்தார்.

"மிஸ்டர் ரெக்ஸ். வண்டியை நசுக்கிட்டே. சாட்சிகளை நசுக்க முடியாது. இந்தப் பெண்ணும் இவ புருஷனும் கோர்ட்ல பேசுவாங்க. பழைய சொந்தக்காரனை நான் கண்டுபிடிப்பேன். அதுவரைக்கும் ஊரை விட்டு நகராதே!"

போய்விட்டார்கள்.

ரெக்ஸின் கழுத்தில் வியர்வை. ஃபேனைக் கூட்டி வைத்தார். வியர்வை நிற்கவில்லை.

"சக்கராயா... கதவைச் சாத்து."

சாத்தினான்.

"வைந்தாமு ஊர்ப் பெரியவர் யாரு?"

"அபிசலோமே, பாஸ். செத்துப்போன சேருவோட அப்பா. இந்தப் பொண்ணுக்குப் பெரியப்பா."

"பழைய ஆளா? முறை, வழக்கம் எல்லாம் பார்க்கறவரா?"

"உயிரை விட்டாலும் முறையை விடமாட்டாரு."

ரெக்ஸ் நிமிர்ந்தார். அவருக்கு அப்பா வழியில் வெள்ளைக்கார ரத்தம், அம்மா வழியில் ஃபிஜி ரத்தம். எந்த நேரத்துக்கு எந்த ரத்தம் லாபமோ அதை ஓடவிடுவார்!

"திமிங்கிலப் பல்லோட போய் மன்னிப்புக் கேட்டா?"

சக்கராயா திடுக்கிட்டான்.

"தம்புவாவா? பாஸ்... அது சாதாரண விஷயமில்ல. தம்புவா வாசலுக்கு வந்துட்டா அவங்க மறுக்க முடியாது. கையை நீட்டி வாங்கிட்டா தப்பு அந்த நிமிஷமே புதைஞ்சு போச்சு. அப்புறம் ஊர்ல ஒருத்தரும் அதைப் பத்திப் பேசக்கூடாது. செத்தாலும் பேசமாட்டாங்க."

"கோர்ட்ல?"

"கோர்ட்லயும்தான். அந்த வில்லியாமேகூட வாயைத் தொறக்க முடியாது..."

ரெக்ஸ் கைதட்டினார்.

"அடப்பாவி! இவ்வளவு நல்ல சட்டத்தை வெச்சுக்கிட்டு நான் வக்கீலுக்குத் தண்டம் அழுதுட்டிருந்தேனா?"

அவள் புருஷன் ஜெயிலுக்குப் போவான், அவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள், அதுவும் அவர்கள் முறைப்படியே! நினைக்க நினைக்க அவருக்கு இனித்தது. இப்படிப்பட்டவனை நாலு வார்த்தை திட்டாமல் கதையைத் தொடரக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் தொடர்கிறேன்.

"பல்லுக்கு எங்கே போறது பாஸ்? அடகுக் கடைல கேட்டா..."

"என்கிட்டயே ஒண்ணு இருக்கு."

அலமாரியைத் திறந்து எடுத்துப் போட்டார். வளைந்த, பெரிய, மஞ்சள் பல். இரு முனையிலும் கயிறு.

"தூசியா இருக்கு. பாலிஷ் போட்டு வை."

"எந்த பாலிஷ் பாஸ்?"

"வண்டிக்குப் போடறதுதான்! நம்ம யார்டுல வேற பாலிஷ் இருக்கா?"

சக்கராயா பல்லைக் கையில் எடுத்தான். ஒருமுறை தூக்கிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

யார்டு சட்டம் நினைவுக்கு வந்தது.

மூடிக்கொண்டான்.

*

ரெக்ஸ் தம்புவாவோடு வருவதாக முந்தின நாளே சொல்லியனுப்பியிருந்தார். சனிக்கிழமை காலை. வைந்தாமு.

"வாங்காதீங்க பெரியப்பா!"

லொசேனா அபிசலோமேயின் காலடியில் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அவன் மனசு வருந்தி வரல. நம்ம வாயைக் கட்டறதுக்கு வரான்! நீங்க வாங்கிட்டா நாங்க பேச முடியாது. பேசலைன்னா என் புருஷன் ஜெயிலுக்குப் போவாரு!"

"எனக்குத் தெரியும் மகளே."

"தெரிஞ்சுமா?"

அபிசலோமே மகனைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை.

"சேரு என் ஒரே பிள்ளை. அந்த ரெக்ஸ் கழுத்தை நெரிக்கணும்னு எனக்கு ஆசை இல்லையா? ஆனா தம்புவா வாசலுக்கு வந்துட்டா கை நீட்டித்தான் ஆகணும். என் அப்பன் நீட்டினான். அவன் அப்பன் நீட்டினான். எனக்கு வலிக்குதுங்கறதுக்காக நான் மாத்த முடியுமா?"

"அப்போ என் வலி?"

பெரியவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

ஊர் எல்லையில் போலீஸ் ஜீப் நின்றிருந்தது. லொசேனா ஓடினாள்.

"உள்ள வந்து தடுங்க சார்!"

"முடியாதும்மா." ரொனீல் சந்த் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "உங்க சடங்குல நான் காலை வெச்சா ஊரே என் மேல பாயும். அதுவும் சரிதான். அவர் வாங்கிட்டா... என் கேஸும் புதைஞ்சுது."

அப்போது பளபளவென்று ஒரு கறுப்பு கார் ஜீப்பை உரசிக்கொண்டு போனது. ஜன்னல் வழியாக ரெக்ஸ் கையசைத்தார்.

"இன்ஸ்பெக்டர்! வெயில்ல நிக்காதீங்க. அல்சருக்கு ஆகாது!"

*

ஊர்க்கூடத்தில் பாய் விரித்திருந்தது. ஊரே உட்கார்ந்திருந்தது.

ரெக்ஸ் வேட்டி மாதிரி ஸுலு கட்டி, வெறுங்காலோடு, தலையைக் குனிந்து உட்கார்ந்தார். அவ்வளவு பணிவை அந்த உடம்பு அதற்குமுன் கண்டதில்லை. சக்கராயா முன்னால் மண்டியிட்டு, பல்லை இரு கைகளிலும் ஏந்தினான்.

"பெரியவங்களே... நடந்தது நடந்துபோச்சு. அதைப் புதைக்க வந்திருக்கோம்."

"எதைப் புதைக்கணும்?" அபிசலோமே கேட்டார்.

"நடந்ததை..."

"பேர் தெரியாத பிணத்தை எங்க ஊர்ல புதைக்கறதில்ல. தப்பு செஞ்சவன் தன் வாயால சொல்லணும். இங்கே சொன்னது இங்கேயே மண்ணுக்குள்ள போயிடும். சொல்லலைன்னா பல்லை எடுத்துக்கிட்டுக் கெளம்பலாம்."

ரெக்ஸ் சுற்றும் பார்த்தார். போலீஸ் இல்லை. எல்லாம் ஊர்க்காரர்கள். எல்லாம் புதையப் போகும் பேச்சு.

தொண்டையைச் செருமினார்.

"அந்த வேன்... கப்பல்ல வந்தது இல்ல. பா ஊர் ஆத்து வெள்ளத்துல சக்கரம் வரைக்கும் முழுகின வண்டி. சும்மா கெடந்துச்சு, தூக்கிட்டு வந்தேன். சேத்தைக் கழுவி, பெயின்ட் அடிச்சேன். பிரேக் குழாய் துருப்பிடிச்சிருந்தது..."

"உனக்குத் தெரியுமா?"

"...தெரியும். சக்கராயா சொன்னான். மாத்தினா செலவு. கொஞ்ச நாள் தாங்கும்னு நெனைச்சு வித்துட்டேன்."

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"போலீஸ் பார்க்கக்கூடாதுன்னு நான்தான் வண்டியை நசுக்கச் சொன்னேன். போதுமா? மன்னிச்சிடுங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்!

லொசேனா பின் வரிசையில் விரல் நகங்கள் உள்ளங்கையில் பதிய உட்கார்ந்திருந்தாள். உண்மை வந்துவிட்டது. முழுசாக வந்துவிட்டது. வந்த நிமிஷமே மண்ணுக்குள் போகப்போகிறது!

அபிசலோமே கையை நீட்டினார்.

பல் கைமாறியது.

ரெக்ஸ் மூச்சை விட்டார். உதட்டோரம் ஒரு சிரிப்பு தலைகாட்டியது.

முறைப்படி வாங்கியவர் பல்லை முகத்தருகே கொண்டுபோய் முகர வேண்டும். முத்தம் மாதிரி. அதற்குப் பிறகுதான் மன்னிப்பு வார்த்தை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பல்லில் தேங்காயெண்ணெயும் அடுப்புப் புகையும் மணக்கும்.

அபிசலோமே கண்களை மூடினார். முகர்ந்தார்.

கண்களைத் திறந்தார்.

மறுபடி முகர்ந்தார்!

முன் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"லொசேனா... இங்கே வா. இது என்ன வாசனை?"

லொசேனா எழுந்து வந்து மூக்கை அருகே கொண்டுபோனாள். அந்த வாசனையை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். புது வேனில், முதல் நாள், கதவைத் திறந்ததும் அடித்த வாசனை!

"கார் பாலிஷ், பெரியப்பா!"

பெரியவர் பல்லைத் திருப்பினார். கையில் தூக்கிப் பார்த்தார். பல்லின் முதுகோடு ஒரு மெல்லிய கோடு ஓடியது. அச்சில் வார்த்த கோடு.

"சக்கராயா. உன்னைத்தான் கேக்கறேன். இது என்ன?"

"பிளாஸ்டிக் பெரியவரே. டூரிஸ்ட்டுகளுக்கு விக்கறது."

"தெரிஞ்சேவா ஏந்திக்கிட்டு வந்தே?"

"எங்க யார்டு சட்டம் அது. கேட்டா சொல்லு, கேக்கலைன்னா வாயைத் தொறக்காதே. நீங்க கேட்டீங்க..." சக்கராயா ரெக்ஸைத் திரும்பிப் பார்த்தான். "சொல்லிட்டேன் பாஸ்."

ரெக்ஸின் முகத்தில் இருந்த ரத்தம் இரண்டு வழியிலும் இறங்கிவிட்டது. வேன் முதலில் பல்லிளித்தது. இப்போது பல்லே பல்லிளித்துவிட்டது!

"பெரியவரே... ஒரு நிமிஷம்! ஏதோ கை மாறிடுச்சு! ஒரிஜினல் கொண்டு வரேன். நாளைக்கே! மாத்திக் குடுத்துடறேன்!"

"மாத்திக் குடுப்பியா?" அபிசலோமே எழுந்து நின்றார். "உன் கடைல அந்த வழக்கமே இல்லைன்னு என் மகள் சொன்னாளே!"

பிளாஸ்டிக் பல்லை ரெக்ஸின் மடியில் போட்டார்.

"என் பிள்ளையைக் கொன்னுட்டு, பிளாஸ்டிக் குடுத்து மன்னிப்புக் கேக்கறே. உண்மையான பல்லு கொண்டு வந்திருந்தா, பல்லைக் கடிச்சுக்கிட்டு மன்னிச்சிருப்பேன். நீ தப்பிச்சிருப்பே. இப்போ எதுவும் புதையல. எல்லாரும் கேட்டீங்கல்ல? கேட்டதைக் கேட்டபடி யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்! லொசேனா, போய் அந்த இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வா."

லொசேனா ஓடினாள். சேரு செத்த நாளிலிருந்து வெளியே காத்திருந்த அழுகை இப்போதுதான் உள்ளே வந்தது. அழுதுகொண்டே ஓடினாள்.

ரெக்ஸ் கதவைப் பார்த்தார். கதவை அடைத்துக்கொண்டு ஊரின் ரக்பி அணி நின்றிருந்தது.

ரொனீல் சந்த் வந்தார். கேட்டார். சொன்னார்கள். ஒருவர் இல்லை, கூடமே சொன்னது. பெரியவர் முதலில், சக்கராயா கடைசியில்.

"லொசேனா, உன் புருஷனுக்கு மதியச் சாப்பாடு ரெடி பண்ணு. பெயில்ல கூட்டிட்டு வந்துடறேன். திங்கக்கிழமை கேஸே இருக்காது." இன்ஸ்பெக்டருக்கு அன்றைக்கு வயிறு வலிக்கவேயில்லை. ரெக்ஸின் கைகளில் விலங்கைப் பூட்டினார்.

"இன்ஸ்பெக்டர், ப்ளீஸ்! ஸுலுவோட, வெறுங்காலோட, இப்படியேவா? வீட்டுக்குப் போய் ஒரு பேன்ட்டாவது மாத்திக்கிட்டு..."

ரொனீல் சந்த் அன்போடு அவர் தோளில் கை வைத்தார்.

"மன்னிக்கணும் மிஸ்டர் ரெக்ஸ். இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்... திருப்பி எடுக்கப்படாது!"